மணிமேகலை காட்டும் சாங்கியம்

சாங்கிய மதத்தின் பொருளைத் தமிழ்வழி அறிய விழைவார்க்குப் பழைய வாயில்கள் இரண்டு சிறந்து நிற்கின்றன. ஒன்று, வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர் பதின்மரை மணிமேகலை வினவிக் கேட்ட 27ஆம் காதை. மற்றொன்று, திருக்குறளின் 27ஆம் குறளுக்குப் பரிமேலழகர் வரைந்த உரை. எண் ஒத்தமை தற்செயலே. பொருளும் ஒத்ததெனக் கொள்வதுதான் ஆராய்தற்குரியது. காப்பியப் பகுதிக்குப் பொருள் கூறுவோர் பலர் குறளுரையின் துணைகொண்டே கூறுகின்றனர். காப்பியம் ஒன்று கூற, உரை பிறிதொன்று கூறுமிடத்தும், உரை கூறியதே காப்பியத்தின் கருத்தென எழுதிவிடுகின்றனர். இது சாத்தனார்க்கு நீதி செய்வதாகாது என்பது எம் கருத்து.

பரிமேலழகர், ஐம்புலன்களின் வகை தெரிதல் என்பதை விளக்கப் புகுந்து, 25 தத்துவங்களையும் நால்வகைப்படுத்துகின்றார். மூலப்பகுதி, பகுதி மட்டுமே. மான், அகங்காரம், தன்மாத்திரை ஐந்து என்னும் ஏழும் பகுதியும் விகுதியும் ஆவன. மனம், அறிபொறி, தொழிற்பொறி, பூதம் ஆகிய பதினாறும் விகுதி மட்டுமே. புருடன் இரண்டும் அல்லன். இஃது ஈசுவர கிருட்டிணரின் சாங்கிய காரிகை தன் மூன்றாஞ் செய்யுளில் வகுத்த வகையே. உரையாசிரியர் சாங்கிய நூலைச் சுட்டியே கூறுகின்றாராதலின் இதில் ஐயமில்லை.

இனிச் சாத்தனார் கூறும் முறையை நோக்குவோம். முக்குணமாய் நின்ற மூலப்பகுதியினின்று மான் எனப்படும் புத்தி வெளிப்படும். புத்தியினின்று ஆகாயமும், அதனின்று வளியும், பின் முறையே தீயும் நீரும் நிலமும் வெளிப்படும். இப்பூதங்களின் கூட்டத்தில் மனம் தோன்றும். அகங்காரம் அம்மனத்தின் விகாரம். ஆகாயத்தினின்று செவியும் ஒலியும், வளியினின்று மெய்யும் ஊறும் என ஒவ்வொரு பூதத்தினின்றும் ஒரு பொறியும் அதற்குரிய புலனும் பிறக்கும். தன்மாத்திரை என்னும் பெயரே இங்கு இல்லை.

வேறுபாடு வரிசையளவில் நிற்பதன்று. காரிகை நெறியில் அகங்காரம் ஓர் ஊற்று. அதன் சாத்துவிகக் கூற்றினின்று மனமும் பத்துப் பொறிகளும், தாமதக் கூற்றினின்று தன்மாத்திரைகளும் பிறக்கின்றன. இராசதக் கூறு இரண்டிற்கும் துணை நிற்கும். எனவே காண்பதும் காணப்படுவதும் 'யான்' என்னும் ஒரு வேரில் கிளைத்தன. கண் ஏன் ஒளியை அறிகின்றது என்னும் வினாவிற்குக் காரிகை தரும் விடை இந்த உறவே. சாத்தனார் காட்டும் சாங்கியவாதியோ அதே வினாவிற்கு வேறு விடை தருகின்றான்: கண்ணும் ஒளியும் தீயின் மக்கள். அவன் உலகில் ஐம்பூதங்கள் முன்னே உள. 'யான்' கடைக்கண் வந்தது. ஒன்றில் அகங்காரம் உலகிற்குக் காரணம். மற்றதில் அஃது உலகின் விளைவு. இவ்விரண்டையும் ஒன்றென எழுதுவார் சாங்கியத்தின் நடுநரம்பையே காணாதாராவர்.

சாத்தனார் பௌத்தர், மாற்றார் மதத்தைப் பிழைபடக் கூறினார் என்று தடை எழுப்பலாம். 29ஆம் காதையின் அளவையியற் பகுதி இதற்கு ஒரு விடை. சொல் அழியும் எனப் பௌத்தன் சாங்கியனிடம் வாதிட்டால், சாங்கியன் அழிவின்மை கூறுவோனாதலின் அவ்வாதம் அவன்பாற் செல்லாது என அங்கு எடுத்துக்காட்டு வருகின்றது. காரியம் தன் காரணத்துள் முன்னரே உளது, உள்ளது அழியாது என்னும் சற்காரிய வாதத்தை அறிந்தோர் வாக்கு இது. ஆயினும் இச்சான்றை அளவிற்கு மேல் வலியுறுத்த ஒருப்படோம். அவ்வெடுத்துக்காட்டு வடமொழி நியாயப்பிரவேசத்திலும் உளது. ஆகலின் அது முதனூலின் திருத்தத்தைக் காட்டுவதாகவும் கொள்ளலாம்.

இதனினும் வலிய சான்று 27ஆம் காதையினுள்ளேயே உளது. இறுதியில் வரும் பூதவாதி, பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கும் என்கின்றான். சாங்கியவாதி பூதக் கூட்டத்தில் மனம் பிறக்கும் என்கின்றான். உணர்வு பிறக்கும் எனவில்லை. உணர்வு, பொருள் எதுவும் தன்னினின்று தோன்றாத புருடனுக்கே உரியது. இத்துணை நெருங்கிய இரு கொள்கைகளை ஒரு சொல்லால் வேறுபடுத்தி வைத்த புலவரைக் கவனமற்றவர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

வடமொழியிலும் இதற்கு இனமான கருத்துகள் உள. ஆகாயம் முதல் நிலம் ஈறான வரிசை தைத்திரீய உபநிடதத்தில் ஆன்மாவினின்று தொடங்குகின்றது. பொறிகள் பூதங்களின் ஆக்கமே என்பது பஞ்சாதிகரணர் என்னும் பழைய சாங்கிய ஆசிரியரின் கொள்கை என 'யுத்திதீபிகை' குறிக்கின்றது. 1938இல் கல்கத்தாவில் முதன்முதல் அச்சேறி, 1998இல் செம்பதிப்பும் பெற்ற இவ்வுரைநூல், காரிகைக்குப் புறம்பான சாங்கியர் பலர் இருந்தமையை வெளிப்படுத்தியது. அதன்பின்னும் காரிகையொன்றையே அளவுகோலாகக் கொள்ளுதல் பழைய பழக்கமேயன்றி ஆராய்ச்சியன்று. மணிமேகலை கூறும் வரிசை முழுவதையும் அப்படியே கூறும் வடநூல் எதனையும் யாம் கண்டிலேம். அதனாலேயே தமிழ்க் காப்பியத்தின் சான்று அரியதாகின்றது.

இன்னும் இரண்டு சிக்கல்கள் உள. 25 தத்துவத் தொகையில் மனம், புத்தி, ஆங்காரம் என்பவற்றோடு சித்தமும் எண்ணப்படுகின்றது. மூலப்பகுதி அப்பெயரால் எண்ணப்படவில்லை. புத்தி வெளிப்படும் இடத்திலும் சித்தம் என்னும் சொல் வருதலின் அது மூலப்பகுதியின் மறுபெயர் என்றல் தகும். ஆயின் மனநிகழ்வு இல்லாதது என விதந்த ஒன்றிற்குச் சித்தம் என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது? இதற்கு நிறைவான விடை இதுகாறும் கிடைத்திலது. மற்றொன்று, புருடனை 'ஒன்றாய்' என விசேடித்தல். தொகையில் ஆன்மா ஒன்று என வருவது வகையெண்ணாக இருக்கலாம். இங்கு அவ்வாறு கூறவொண்ணாது. காரிகையோ பிறப்பும் இறப்பும் ஆள்தோறும் வேறுபடுதல் முதலிய ஏதுக்களால் புருடர் பலர் என நிறுவும். சாத்தனார் கேட்ட சாங்கியம் பிரமவாதத்திற்கு அணித்தாய் நின்ற ஒன்று எனக் கருத இஃது இடந்தருகின்றது.

இவற்றைக்கொண்டு மணிமேகலையின் காலத்தைக் காரிகைக்கு முற்பட்டதென முடிவு செய்வாரோடும் யாம் உடன்படுவதற்கில்லை. காரிகை, உரையொன்றோடு 6ஆம் நூற்றாண்டின் நடுவில் பரமார்த்தரால் சீனமொழியில் பெயர்க்கப்பட்டமையால் அதன் காலக் கீழெல்லை தெளிவு. ஆனால் புதுநூல் தோன்றிய அன்றே பழங்கொள்கை மாய்ந்துவிடுவதில்லை; ஒரு நாட்டில் ஓய்ந்த நெறி பிறிதொரு நாட்டில் நெடிது வாழ்தலும் உண்டு. காலக்கணிப்பிற்குப் பயன்படாதெனினும், இப்பகுதிக்கு இனி எழுதப்படும் குறிப்புரைகளில் தன்மாத்திரை என்னும் சொல்லை மூலத்துள் நுழைக்காது விடுதல் வேண்டும். பரிமேலழகர் உரை குறளின் கீழேயே நிற்கட்டும்.