ஒலிக்கோப்புக்கும் பாயிரம் வேண்டும்

சென்ற வருஷம் என் பேத்தி, "தாத்தா, இந்த டிராக் 07ல படிக்கிறது யாரு?" என்று கேட்டாள். காதில் வைத்துக் கேட்டேன். என் தாயார்! வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊரில் ஸ்ரீபுராணம் படித்தபோது கேசட்டில் பிடித்தது. அதை எம்பி3 ஆக மாற்றித் தந்த கடைக்காரர் எல்லாவற்றுக்கும் எண் மட்டும் போட்டுவிட்டார். அப்பா விவரம் எழுதியிருந்த கேசட் அட்டையும் போயிற்று. நான் பாத்திர வியாபாரி; சீட்டு இல்லாத சரக்கு கிடங்கில் இருந்தும் இல்லாததுதான் என்று அறிந்தவன்.

நம் முன்னோர் இதில் ஏமாந்தவர்கள் அல்லர். பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்தி கூறுகிறார்: ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. ஏடு எழுதியவர்களோ கடைசி ஓலையில் ஆண்டு, மாதம், தம் பெயர் எழுதி முடித்தார்கள்.

1996இல் வந்த 'ஐடி3' குறிப்பு அந்தக் கடைசி ஓலை மாதிரிதான். கோப்பின் வாலில் 128 பைட். தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4. லத்தீன் எழுத்தை நினைத்தே அளந்த இடம். யுனிகோட் தமிழை யூடிஎஃப்-8 முறையில் வலியத் திணித்தாலும் 'சிலப்பதிகாரம்' 39 பைட் கேட்கிறது. 'சிலப்பதிகா' என்றே நின்றுவிடும். இசை வகை 80 வைத்தார்கள். அதில் கர்நாடக இசை இல்லை, 'எத்னிக்' உண்டு! 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு கோப்பின் முகப்பில் அமர்ந்தது. அதாவது, பாயிரமாயிற்று. யுனிகோடும் ஏறிற்று. இசையமைத்தவர், பாட்டு எழுதியவர், பாடியவர் என்று தனித்தனி அறை கிடைத்தது.

இவற்றை நிரப்ப நான் கையாள்வது ஜெர்மானியர் ஃப்ளோரியன் ஹைடன்ரைக் செய்த 'எம்பி3டேக்'. விண்டோஸில் விலை கிடையாது. நூறு கோப்பைச் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் தொகுப்புப் பெயர் எழுதலாம். கோப்பின் பெயரிலிருந்தே தலைப்பை எடுத்துக்கொள்ளும். தமிழும் ஒழுங்காக நிற்கிறது.

ஆனால் குறையைச் சொல்லத்தான் வேண்டும். பதினொன்றில் ஆசிரியர், நூற்பெயர், காலம் மூன்றும் எளிதாக அமைகின்றன. களத்துக்கும் காரணத்துக்கும் தனி அறை இல்லை. நாமே பெயர் வைத்துப் புது அறை சேர்க்கலாம். பெரும்பாலான பாட்டுக் கருவிகள் அதைக் காட்டுவதில்லை. ஆகவே நான் 'கருத்து' என்ற அறையிலேயே ஊர், வீடு, எந்தச் சமயம் என்று எழுதிவிடுகிறேன். இது கருவியின் குற்றம் என்பதைவிட, விற்பனைப் பாட்டை மட்டும் பாட்டென்று எண்ணியவர்களின் குறை. வீட்டுத் திண்ணையில் படிப்பவர் அவர்கள் கணக்கில் வரவில்லை.

இன்னொன்று: எந்தக் கருவியும் குரலைக் கேட்டு "இது உன் அம்மா" என்று சொல்லாது. அதை அறிந்தவர் உட்கார்ந்து எழுதணும். டிராக் 07ஐ நான் அடையாளம் கண்டேன். டிராக் 12இல் உடன் படிக்கும் பெண் குரல் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. சொல்லக்கூடிய என் அக்காவும் போய்விட்டாள். அந்த அறை காலியாகத்தான் இருக்கிறது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பேச்சு இந்தக் கோப்புகளில்தான் மிச்சம். பெரியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார வைத்து, கேட்டு, எழுதிவிடுங்கள்.