பேறும் பேரேடும்

கருவுற்ற பெண்ணுக்கு ஒரு மருந்து தீங்கு செய்யுமா என்பதை அவளுக்கே கொடுத்துச் சோதித்தறிய எவரும் துணியார். ஆகவே மேல்நாட்டு ஆராய்ச்சியாளர் வேறொரு வழி கண்டனர். மருத்துவமனைகள் பணம் கேட்டுக் காப்புறுதி நிறுவனங்களுக்கு அனுப்பும் கோரிக்கைச் சீட்டுகள் கோடிக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. அவற்றிலுள்ள நோய்க் குறியெண்களைக் கணினியிடம் கொடுத்து, எவள் கருவுற்றாள், அக்கரு உயிருடன் பிறந்ததா, இறந்து பிறந்ததா, இடையில் கலைந்ததா என்று பிரித்தறிகின்றனர்.

முறை பயனற்றதென்று கூற நான் வரவில்லை. மருந்துகளின் தீமையை அறிய அது உதவியிருக்கிறது. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பணம் கொடுப்பதற்காக எழுதப்பட்ட ஏடு, பணம் கொடுக்கப்படாத நிகழ்ச்சியை எவ்வாறு அறியும்?

இதற்கு விடை தேடி அமெரிக்கா வரை செல்ல வேண்டுவதில்லை. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களே போதும். நம் அரசு மருத்துவமனைகள் பெரும்பாலும் வரிப்பணத்தில் நடப்பவை. எனவே பிரசவத்திற்காகக் காப்புறுதிக் கோரிக்கை எழுவது குறைவு. அதற்கு நிகராக இங்கே உள்ளது பேறுகாலப் படி. ரந்தாவிலோ பகாவிலோ பால்மரம் வெட்டியவள் பிள்ளை பெற்றால், கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் படியைக் கணக்கிடுவார். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தோட்டத்துத் தாய்மாரின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு என்ன கிடைக்கும்?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இன்று உள்ளபடி பார்ப்போம். பிரசவம் என்பது குறைந்தது 22 வாரக் கருவுக்குப் பின் நிகழ்வது. பிள்ளை உயிருடன் இருந்தாலும் இறந்திருந்தாலும் பிரசவமே. பேற்றுக்கு முந்திய ஒன்பது மாதங்களில் 90 நாளாவது அவள் வேலை செய்திருக்க வேண்டும். உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே ஐவராயின் படி இல்லை. விடுமுறை 2023 முதல் 98 நாள்.

இவ்விதிகளின் நியாயத்தை இங்கே ஆராயவில்லை. அவை ஏட்டை என்ன செய்கின்றன என்பதே நம் கவலை. நான்காம் மாதத்தில் கரு கலைந்தவளுக்கு அந்த ஏட்டில் இடமில்லை. செக்ரோலில் அவள் சில நாள் வேலைக்கு வராதவள், அவ்வளவே. ஆறாம் பிள்ளை பெற்றவளின் பெயர் படிக்கணக்கில் ஏறாது. குத்தகைக்காரரிடம் வேலை செய்தவள் தோட்டத்துச் செக்ரோலிலேயே இல்லை. பெயர் ஏறியவளைப் பற்றியேனும் முழு உண்மை தெரியுமா? உயிர்ப்பிள்ளைக்கும் இறந்த பிள்ளைக்கும் படி ஒன்றே. தொட்டில் ஆடியதா, குழி தோண்டினார்களா என்பதை அந்த வெள்ளிக்கணக்கு சொல்லாது.

அமெரிக்கச் சீட்டுகளிலும் இதே ஊமைத்தனம் உண்டு. கரு தொடங்கிய நாள் அவற்றில் இல்லை. ஆகவே பிரசவ நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினர்: குறைப்பிரசவம் என்று குறித்திருந்தால் 35 வாரம், இல்லையேல் 39 வாரம். நம் பெண்களோ முன்னோக்கி எண்ணுபவர்கள். 'முழுகாமல் இருக்கிறாள்' என்ற வழக்கே கணக்கின் தொடக்கத்தைக் குறித்துவிடுகிறது. இன்றைய மருத்துவரும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே 280 நாள் எண்ணுகிறார். 28 நாளை ஒரு மாதமாகக் கொண்டால் அது நம் பாட்டிமார் சொன்ன பத்து மாதம். 2015 அக்டோபர் முதல் அமெரிக்காவில் கருவின் வாரத்தைக் குறிக்கத் தனிக் குறியெண் வந்தது. குறை பெரிதும் நீங்கிற்று. ஆனால் கலைந்த கருவுக்கு அக்குறியெண்ணை இடலாகாது என்பது விதி!

தமிழாசிரியர்கள் கருத வேண்டிய செய்தி மற்றொன்று. 'அபார்ஷன்' என்ற ஒரே சொல் ஆங்கில மருத்துவ நூல்களில் இருவேறு நிகழ்ச்சிகளைக் குறிக்கிறது. பழைய குறியெண் வரிசையில் 634 தானே கலைந்தது. 635 சட்டப்படி கலைத்தது. 637 எதுவென்று குறிக்கப்படாதது. கருப்பையைக் கழுவியதற்கான சீட்டை மட்டும் கண்ட கணினி, அது எவ்வகையென எவ்வாறு துணியும்? தமிழிலோ கலைந்தது, கலைத்தது என்று ஓர் ஒற்று மாறினால் தன்வினை பிறவினை ஆகிவிடுகிறது. நம் நாட்டில் இந்த வேற்றுமை இலக்கணத்தோடு நிற்பதன்று. தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தாயின் உயிருக்கோ உடல், மன நலத்திற்கோ ஆபத்தென்று மருத்துவர் கருதினாலொழியக் கலைப்பதைக் குற்றமாக்குகிறது. துயரத்திலிருப்பவளைக் குற்றவாளியாக்க ஒரு தவறான குறிப்புப் போதும்.

பின் எவ்வழி செல்வது? தாயையே கேட்பது. 1976-77இல் தீபகற்ப மலேசியாவில் நடந்த மலேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வு அதைத்தான் செய்தது. மணமான, 50 வயதுக்குட்பட்ட 1,262 பெண்களிடம் ஒவ்வொரு கருவின் கதையும் முடிவும் கேட்டு எழுதப்பட்டன. இந்தியக் குடும்பங்கள் எண்ணிக்கையில் மறைந்துவிடாதபடி அவர்கள் வாழும் இடம் தனியே தேர்ந்து சேர்க்கப்பட்டதும் பாராட்டுக்குரியது. பிள்ளை இறப்பைக் கணிக்க வில்லியம் பிராஸ் என்ற அறிஞர் வகுத்த முறையும் தாயின் வாய்ச்சொல்லையே அடிப்படையாகக் கொண்டது: பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை?

வாய்ச்சொல்லிலும் குறையுண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் மாதத்தில் கலைந்ததை ஒருத்தி மறந்திருக்கலாம். நினைவிருந்தும் சொல்ல மனமில்லாமற் போகலாம். ஆயினும் மறதியைப் பற்றி மறுமுறை கேட்டறியலாம். பேரேட்டை எத்தனை முறை புரட்டினாலும் அது அறியாததைச் சொல்லாது. இவ்விரண்டில் ஒன்றைத்தான் கொள்ளலாம் என்றால் நான் தாயின் பக்கமே நிற்பேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இயலுமாயின் இன்னும் நன்று.

அதற்கு ஆசிரியர்கள் துணைசெய்ய முடியும். பிறப்புச் சான்று இல்லாமல் பள்ளி வாயிலுக்கு வந்த பிள்ளைகளைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் நன்கறிவர். ஏடுகள் தவறவிட்டவர்களுள் சிலரேனும் சேர்க்கைப் பதிவேட்டில் பெயராக நிற்கின்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் அக்குடும்பங்கள் பல சிரம்பான், செனவாங், நீலாய் வட்டாரங்களில் குடியேறிவிட்டன. பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை, தங்காமற் போன கரு எத்தனை என்ற மூன்றையும் அங்குள்ள மூதாட்டியரிடம் பெண்ணாசிரியர்கள் கேட்டால் மறைக்காமற் சொல்லக்கூடும். 1960களில் பிள்ளை பெற்றுப் பால்மரம் வெட்டியவர்களுக்கு இன்று எழுபது வயதுக்குக் குறையாது.