கம்பெனி வக்கீல் யாருக்கு வக்கீல்?

விபத்து இழப்பீட்டு வழக்கில் வண்டி உரிமையாளர் ஒரு எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் கம்பெனி இன்னொரு எதிர்மனுதாரர். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் வழக்கைக் கூப்பிட்டதும் கம்பெனிக்கு வக்கீல் எழுந்து நிற்பார். உரிமையாளர் பல வழக்குகளில் வந்திருக்கவே மாட்டார். 'எக்ஸ்பார்ட்டி' என்று எழுதிவிட்டு வழக்கு நகரும். சம்மனைக் கையில் வாங்கிய அன்றே அவர் முடிவு செய்திருப்பார்: "அதான் இன்சூரன்ஸ் இருக்குல்லா, கம்பெனி வக்கீல் பாத்துக்கிடுவாரு."

இந்த நம்பிக்கை முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது. மோட்டார் பாலிசியின் பின்பக்க நிபந்தனைகளிலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறது. விபத்து நடந்தால் உடனே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வரும் நோட்டீஸ், சம்மன் எல்லாவற்றையும் அனுப்பிவைக்க வேண்டும். கம்பெனியின் சம்மதம் இல்லாமல் தவற்றை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது. விரும்பினால் உரிமையாளர் பெயரிலேயே கம்பெனி வழக்கை நடத்தும். இந்தக் கடைசி உரிமையைப் பாலிசியில் எழுதி வைத்துக்கொண்டால், உரிமையாளருக்குள்ள எல்லா எதிர்வாதங்களையும் அவர் பெயரில் கம்பெனி எடுத்து வைக்கலாம் என்று 1959-இல் கேப்டன் இத்பார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாயைக் கட்டி, வழக்கையும் வாங்கிக்கொண்ட பிறகு, 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று ஒரு மனிதர் நம்பினால் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இந்த ஏற்பாட்டில் நன்மையும் உண்டு. ஆவணங்கள் சரியாக உள்ள வழக்குகளில் கம்பெனி தன் பட்டியலில் வைத்திருக்கும் பேனல் வக்கீலை விடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. முதல் தகவல் அறிக்கை ஏன் தாமதமானது, ஊனச் சான்றிதழில் மருத்துவர் போட்ட சதவீதம் எப்படி வந்தது, சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகளின்படி வருமானத்தையும் பெருக்கியையும் எப்படிக் கணக்கிடுவது என்பதெல்லாம் அவருக்கு அன்றாட வேலை. விபத்தே நடக்காத வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் பொய் வழக்குகளைக் கண்டுபிடிப்பவரும் அவர்தான். உத்தரப் பிரதேசத்தில் இத்தகைய வழக்குகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. உரிமையாளருக்கு ஒரு பைசா செலவில்லை. லோக் அதாலத்தில் வழக்கு முடிந்தால் அடிபட்டவருக்கும் பணம் சீக்கிரம் கிடைக்கிறது.

அமெரிக்காவில் கம்பெனிக்கும் காப்பீடு பெற்றவருக்கும் உள்ள உறவு அடிக்கடி முறிவது பாலிசித் தொகையின் உச்சவரம்பில். வரம்புக்கு மேல் தீர்ப்பானால் மீதியை யார் கட்டுவது என்பதே அங்கே சண்டை. இங்கே மூன்றாம் தரப்பினரின் உயிருக்கும் காயத்துக்கும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வரம்பு வைக்கவில்லை. நம் ஊரில் உறவு முறிகிற இடம் வேறு: ஓட்டுநர் உரிமம், பெர்மிட், சரக்கு வண்டியில் ஏற்றிய ஆட்கள்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு லோடு ஆட்டோ என்று வைத்துக்கொள்வோம். வாழைத்தார் இறக்கிவிட்டுத் திரும்பும்போது சைக்கிளில் போனவர் மீது மோதி அவர் இறந்துவிடுகிறார். ஓட்டியது சம்பளத்துக்கு வைத்த பையன். சம்மன் வந்ததும் உரிமையாளர் கம்பெனி வக்கீலைத் தேடிப் போகிறார். "நடந்தத மறைக்காமச் சொல்லுங்க அண்ணாச்சி" என்கிறார் வக்கீல். இவரும் மனம் விட்டுச் சொல்கிறார்: "லைசென்ஸ் முடிஞ்சது எனக்குத் தெரியும் சார். அடுத்த வாரம் புதுப்பிச்சிருதேன்னு சொன்னான்." அந்த ஒரு வாக்கியத்தோடு அவர் தோற்றுவிட்டார். ஸ்வரன் சிங் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, உரிமம் இல்லை என்று காட்டினால் மட்டும் கம்பெனி தப்பிக்க முடியாது. உரிமையாளர் தெரிந்தே விட்டார், அல்லது எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்கவில்லை என்பதையும் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கக் கடினமான அந்தப் பாதியை உரிமையாளரே தன் வாயால் கொடுத்துவிட்டார். எதிருரையில் அது பாலிசி மீறல் என்ற வாதமாக வரும்.

பிறகு என்ன ஆகும்? 'முதலில் கம்பெனி கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்' என்று தீர்ப்பு வரலாம். இறந்தவரின் குடும்பத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நஞ்சப்பன் வழக்குக்குப் (2004) பிறகு வசூலிக்கக் கம்பெனி தனியாக உரிமையியல் வழக்குப் போட வேண்டியதில்லை. நேரே நிறைவேற்று மனு போட்டால் போதும். தன்னைக் காப்பாற்ற வந்தது என்று நினைத்த கம்பெனியின் பெயரிலேயே ஜப்தி நோட்டீஸ் வீட்டுக்கு வரும். கார், பிசானம் என்ற நெல் பருவங்களின் நடவுக் காலங்களில் லோடு ஆட்டோவில் பெண்களை வயலுக்கு ஏற்றிச் செல்வது சேரன்மகாதேவிப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்களில் சாதாரணம். அந்த வண்டி கவிழ்ந்தால் நிலைமை இன்னும் மோசம். சரக்கு வண்டியில் ஏறிய பயணிகளுக்குக் கட்டாயக் காப்பீடு பொருந்தாது என்று ஆஷா ராணி வழக்கிலேயே முடிவாகிவிட்டது.

வக்கீல் தரப்பில் ஒரு பதில் உண்டு. 'என் வக்காலத்து கம்பெனிக்குத்தான். உரிமையாளர் என் கட்சிக்காரர் இல்லை. அவர் சொன்னதை நான் ஏன் பயன்படுத்தக் கூடாது?' என்பார். சட்ட எழுத்துப்படி இது வலுவான பதில். பார் கவுன்சில் விதிகளில் 19-ஆம் விதி, தன் கட்சிக்காரரோ அவரது அதிகாரம் பெற்ற முகவரோ அல்லாத வேறு எவருடைய சொற்படியும் வழக்கறிஞர் நடக்கக் கூடாது என்கிறது. கம்பெனிதான் கட்சிக்காரர் என்றால் கம்பெனி சொற்படி நடப்பதே கடமை.

இந்தப் பதில் ஒரு நிபந்தனையோடுதான் செல்லும்: உரிமையாளரை உட்காரவைத்துக் கதை கேட்பதற்கு முன்னால், 'நான் உங்களுக்கு வக்கீல் இல்லை' என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கேட்டது நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்ட செயல். உரிமையாளரிடமும் வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, இருவருக்கும் சேர்த்து எதிருரை போட்டுவிட்டால் பேச்சே வேறு. வழக்கின் தரப்பினரோடு தனக்குள்ள தொடர்பைக் கட்சிக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் (விதி 14), கட்சிக்காரர் வைத்த நம்பிக்கையைத் தனக்குச் சாதகமாக்கக் கூடாது (விதி 24), ஒருவருக்காக வழக்காடிவிட்டு அதே விஷயத்தில் அவருக்கு எதிராகப் போகக் கூடாது (விதி 33) என்ற மூன்றும் அந்தக் கையெழுத்தோடு அவர் மேல் ஏறிவிடுகின்றன. அதற்குப் பிறகு உரிமம் பற்றிய எதிர்வாதத்தை அவர் தொடவே கூடாது. அரிசோனா மாநில உச்ச நீதிமன்றம் 1976-இல் பார்சன்ஸ் வழக்கில் இதையேதான் சொன்னது. காப்பீடு பெற்றவரிடம் வக்கீல் நம்பிக்கையாகக் கேட்டறிந்த விஷயத்தை வைத்துக் கம்பெனி கைவிரிக்கப் பார்த்தது. நீதிமன்றம் அதை அனுமதிக்கவில்லை.

குற்றத்தை வக்கீல்கள் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. சட்டத்தின் அமைப்பே உரிமையாளர் வராமல் இருப்பதைக் கம்பெனிக்கு லாபமாக்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 170-ஆவது பிரிவின்படி உரிமையாளர் வழக்கை எதிர்க்காமல் விட்டால், இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் அனுமதி பெற்றுக் கம்பெனி எல்லா வாதங்களையும் எடுக்கலாம். அனுமதி இல்லாவிட்டால் இழப்பீட்டுத் தொகையை எதிர்த்து மேல்முறையீடு செய்யவே முடியாது என்று 2002-இல் நிக்கோலெட்டா ரோத்தகி வழக்கு சொன்னது. கம்பெனியையே எதிர்மனுதாரராகச் சேர்த்த வழக்குகளில் 2011-இல் ஷீலா தத்தா தீர்ப்பு அதைத் தளர்த்தியது. ஆனாலும் காலி நாற்காலியால் கம்பெனிக்கு வரும் ஆதாயம் குறையவில்லை. உரிமையாளர் கூண்டேறி, 'லைசென்ஸ் கார்டை வாங்கிப் பார்த்தேன், போலி என்று தெரியாது' என்று சொல்லியிருந்தால் லெஹ்ரு வழக்கு (2003) அவருக்குத் துணை நின்றிருக்கும். அவர் இல்லாத இடத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகப் பணியாளர் பதிவேட்டோடு வந்து சாட்சி சொன்னால் வேலை முடிந்தது. பேனலில் பெயர் நீடிப்பது கம்பெனி கையில் இருக்கும்போது, 'அண்ணாச்சி, நீங்க தனியா ஒரு வக்கீல் வச்சுக்கிடுங்க' என்று சொல்லும் துணிச்சல் எல்லாருக்கும் வராது.

கலிபோர்னியாவில் கியூமிஸ் வழக்கின் (1984) விளைவாக, இப்படி நலன்கள் மோதும்போது காப்பீடு பெற்றவருக்குக் கம்பெனி செலவிலேயே தனி வக்கீல் என்பது சட்டமானது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எல்லா வழக்கும் இழுபடும். இழப்பீட்டுக்குக் காத்திருக்கும் விதவைதான் முதலில் அடிபடுவார். உரிமம், பெர்மிட், பயணிகள் என்ற எதிர்வாதங்களைக் கம்பெனி எடுக்கும் வழக்குகளுக்கு மட்டும் அது வேண்டும். எதிருரை போடும் முன்பே, 'இந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்கக் கேட்கப்போகிறோம்' என்று தமிழில் ஒரு பதிவுத் தபால் உரிமையாளருக்குப் போக வேண்டும். அது போனதாகக் காட்டாத கம்பெனிக்கு வசூல் உத்தரவு தரக் கூடாது. தீர்ப்பாயங்கள் நினைத்தால் புதுச் சட்டம் இல்லாமலே இதைச் செய்யலாம்.

ஏமாந்த பிறகு போக இடம் குறைவு. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டது. மிஞ்சிய எளிய வழி பார் கவுன்சிலுக்கு எழுதும் புகார். அது போன வீட்டைத் திருப்பித் தராது. எனவே வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்மன் வந்தால் தேதிக்கு நேரில் போங்கள். கம்பெனி வக்கீல் உங்களை அழைத்துப் பேசினால், "சார், நீங்க எனக்கு வக்கீலா, கம்பெனிக்கு வக்கீலா?" என்று முதலில் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் விபத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வாருங்கள். தனி வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது.