காதால் ஓட்டும் வண்டி

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-இல் மைலேஜைக் காட்டும் திரை கிடையாது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாலே கியர். அந்த மூன்று சிலிண்டரின் உறுமலைக் கேட்டுப் பழகியவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இன்ஜின் குரல் உயரத் தொடங்குமுன்பே கை அடுத்த கியருக்குப் போய்விடும். சமதரையில் சீக்கிரமே டாப் கியர். இன்ஜின் மெதுவாகச் சுழன்று, ஆக்ஸிலரேட்டர் சற்றே கூடுதலாகத் திறந்திருந்தால் காற்றை உறிஞ்ச அது படும் பாடு குறைகிறது, பெட்ரோல் மிச்சமாகிறது. ஆனால் ஒரு மயிரிழை தாண்டினால் வண்டி திணறும், இடிக்கும். அந்த மயிரிழையில் நின்று ஓட்டுவதைத்தான் நான் கலை என்கிறேன்.

அதைவிட நான் ரசிப்பது பிரேக்கைத் தொடாத கால். ஆள் ஏறிய வண்டி 800 கிலோ என்று வையுங்கள். நிற்கும் வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர, அந்த வேகத்துக்காக மட்டும் சுமார் 15 மில்லி பெட்ரோல் போகிறது. லிட்டருக்கு 20 கொடுக்கும் வண்டிக்கு அது 300 மீட்டர் ஓட்டம். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அத்தனையும் சூடாகிக் காற்றோடு போய்விடும். தேர்ந்த ஓட்டுநர் தூரத்துச் சிக்னலில் சிவப்பைக் கண்டதுமே காலை எடுத்துவிடுவார். வண்டி உருண்டு போய்ச் சேரும்போது பச்சை விழுந்திருக்கும்; இரண்டாவது கியரிலேயே நழுவிப் போய்விடலாம். முன்னால் போகும் பஸ் எந்த ஸ்டாப்பில் ஒதுங்கும், எந்த வளைவுக்குப் பின்னால் வேகத்தடை என்று அவர் கண் எப்போதும் முன்னே ஓடிக்கொண்டிருக்கும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் அப்படி விட்டால் பிரேக் சூடேறிப் பிடிப்பே போய்விடும். கார்புரேட்டருக்குப் பதிலாகப் பின்னால் வந்த எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்) வண்டிகளிலோ அதில் லாபமும் இல்லை. கியரில் இருக்கும்போது காலை எடுத்தாலே பெட்ரோல் தானாக நின்றுவிடுகிறது. நியூட்ரலில் ஐடிலிங்குக்காகக் குடிக்கிறது.

ஓட்டும் திறமை மட்டும் போதாது. கார்புரேட்டர் வண்டியில் காலையில் இழுத்த சோக்கை, இன்ஜின் சூடானதும் உள்ளே தள்ள வேண்டும். டயரில் காற்று குறையக் கூடாது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் எந்தத் திறமையும் எடுபடாது.

ட்யூனிங் தெரிந்த பழைய மெக்கானிக்குக்கும் காதுதான் கருவி. இன்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டரின் மிக்சர் ஸ்குருவை மெல்ல உள்ளே திருப்புவார். குரல் தடுமாறியதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுப்பார். மூன்று சிலிண்டரும் ஒரே சீராகப் பேசும் இடம் வந்ததும் ஸ்குருடிரைவரை எடுத்துவிடுவார்; அதன்பின் ஐடிலிங் ஸ்குருவை லேசாகக் குறைத்து வைப்பதோடு வேலை முடிந்தது.