தேவைப் பகுப்பாய்வு நோக்கில் ஒருங்குறியும் தமிழ் 99 விசைப்பலகையும்

முன்னுரை

கணினி அமைப்பொன்றை வடிவமைக்குமுன் அதனைப் பயன்படுத்துவோர் யாவர், அவர்தம் தேவை யாது என வரையறுப்பது தேவைப் பகுப்பாய்வு எனப்படும். தமிழ்க் கணிமையின் இரு வடிவமைப்புகளை இந்நோக்கில் மதிப்பிடுகிறது இக்கட்டுரை.

ஒருங்குறி

ஒருங்குறியில் தமிழுக்குரிய தொகுதி 128 இடங்களைக் கொண்டது. 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை அது தழுவியது. இந்திய எழுத்துமுறைகளுக்கெல்லாம் பொதுச்சட்டகம் அமைப்பதே இஸ்கியின் நோக்கம். எனவே அகரமேறிய மெய் அடிப்படை அலகாயிற்று. ‘க்’ என்பது ‘க’வும் புள்ளியுமாக இரு குறிகளாயிற்று. தொல்காப்பியமோ உயிரையும் மெய்யையும் முதலெழுத்தாகக் கொள்கிறது. இதனால் மூன்றெழுத்துச் சொல்லாகிய ‘தமிழ்’ ஐந்து குறிகளாக எண்ணப்படுகிறது. குறியெண் வழியே அடுக்கினால் ‘ந’வை அடுத்து ‘ன’வும், ‘ர’வை அடுத்து ‘ற’வும் வருகின்றன. சொல்லடைவு தொகுப்போரும் யாப்பினை ஆய்வோரும் இதனை நோக்காவிடின் முடிவுகள் பிழைபடும்.

தமிழ் 99

அலகுத் தேர்வே குறை என்பர் சிலர். அக்கருத்து முழுதும் பொருந்தாது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் வழி உருவான தமிழ் 99 விசைப்பலகையிலும் மெய்க்குரிய விசை ‘க’ என அகரமேறிய வடிவையே தருகிறது. ஆயினும் ஒரே மெய் இரட்டிக்கும்போதும், ‘ங்க’, ‘ந்த’ போன்ற இனவெழுத்துகள் இணையும்போதும் புள்ளி தானே அமைகிறது. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகளே போதும். மெய்ம்மயக்க இயல்பு இங்கு வடிவமைப்பு விதியாகியுள்ளது. அலகு ஒன்றாயினும் பயனர் தேவை ஆராயப்பட்டமையே வேறுபாடு.

மாற்றும் வரம்பும்

ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியுடன் தரமாக ஏற்றது. எண்ணலுக்கும் அடுக்கலுக்கும் அது எளிது. ஆனால் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால் பொதுவான மென்பொருள்கள் அதனைத் தமிழென அறிவதில்லை. ஒருங்குறியிலோ ஒருமுறை ஒதுக்கிய இடம் மாற்றப்படுவதில்லை.

முடிவுரை

ஆகவே சேமிப்புக் குறியேற்றத்தை மாற்றக் கோருவதினும், செயலாக்க அடுக்கில் எழுத்தெண்ணலையும் அகரவரிசையையும் விதிகளாக அமைப்பதே பயன்தரும். எண்ணும் அலகு எது, மெய் உயிர்மெய்க்கு முன்னோ பின்னோ, கிரந்த எழுத்துகளின் இடம் யாது என்பனவற்றை நிரலர் தாமே முடிவுசெய்தல் இயலாது. இத்தேவை ஆவணத்தை எழுதுதல் தமிழாய்வாளர் கடமையாகும்.