இழைப்பு மெஷினுக்கு ஸ்பைரல் தலை: யாருக்கு, எதற்கு, எதற்குப் பிறகு?

கோவைப் பக்கம் மரப் பட்டறை வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: சர்ஃபேஸ் பிளானரில் இருக்கிற மூன்று நீள பிளேடுகளையும் கட்டரோடு கழற்றிவிட்டு ஸ்பைரல் தலை போடலாமா? வெளிநாட்டுக்காரர்கள் ஜாயின்டர் என்று சொல்வது இதே மெஷினைத்தான். இரண்டு டேபிள், நடுவில் சுழலும் கட்டர். பலகையைக் கையால் தள்ளினால் ஒரு முகம் நேராகும். ஸ்பைரல் தலையில் நீள பிளேடு கிடையாது. உருளை முழுக்கச் சுருள் வரிசையில் சின்னச் சின்ன சதுர கார்பைடு துண்டுகளை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பார்கள். அவற்றை இன்சர்ட் என்கிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் அதை விற்கச் சொல்லும் காரணங்களில் சில கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. நம்ம ஊருக்குப் பொருந்துகிற காரணம் வேறே. அதோடு, இதற்குப் பணம் போடும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

60 பிளேடு கணக்கு

"மூன்று பிளேடுக்குப் பதில் 60 பிளேடு" என்பது விளம்பரத்தில் நன்றாக இருக்கும். 12 அங்குலத் தலையில் 15 மி.மீ. இன்சர்ட் 60 இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்த வெட்டு முனை 60 × 15 = 900 மி.மீ. தலையின் அகலம் 305 மி.மீ. வகுத்துப் பார்த்தால், மரத்தின் எந்த ஓர் இடத்திலும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று வெட்டுத்தான் விழும். பழைய தலையிலும் அதே மூன்று.

5000 சுற்று ஓடும் மெஷினில் நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் பலகையைத் தள்ளினால், இரண்டிலும் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. அப்புறம் வித்தியாசம் எங்கே வருகிறது? இரண்டு இடத்தில்.

முதலாவது, மோதல். நேர் பிளேடு முழு அகலத்துக்கும் ஒரே நேரத்தில் மரத்தை அடிக்கிறது. 5000 சுற்றில் மூன்று பிளேடு என்றால் விநாடிக்கு 250 அடி. அந்த ஊளைச் சத்தம் அதிலிருந்துதான் வருகிறது. ஸ்பைரலில் அதே வேலை சின்னச் சின்ன அடிகளாகப் பிரிந்து நடப்பதால் சத்தம் குறைகிறது. இது உண்மையான லாபம். வீடுகளுக்கு நடுவில் பட்டறை நடத்துகிறவருக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது, சாய்வு. இங்கேதான் ஏமாற இடம் இருக்கிறது. சில தலைகளில் இன்சர்ட் வரிசை மட்டும்தான் சுருளாகப் போகும், ஒவ்வொரு இன்சர்ட்டின் முனையும் தண்டுக்கு இணையாகவே நிற்கும். சத்தம் குறையும், ஆனால் வெட்டு பழைய நேர் வெட்டுத்தான். வேறு சிலவற்றில் முனையே சாய்ந்து நிற்கும். ஹெலிகல் என்று தனியாகச் சொல்வது அதை. முரட்டு ரேகை வந்தால் ஆசாரி இழைப்புளியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துத் தள்ளுவார் இல்லையா, அதே சங்கதி. வாங்கும்போது பெட்டியில் உள்ள பெயரைப் பார்க்காதீங்க, முனை சாய்ந்திருக்கிறதா என்று பாருங்க.

நம்ம ஊர் மரம்

விளம்பரம் சொல்லாமல் விடுவது இதைத்தான். நேர் ரேகை ஓடும் நல்ல தேக்கு மட்டுமே இழைக்கிற பட்டறையில், புதிதாகச் சாணை பிடித்த நேர் பிளேடு தருகிற வழவழப்பை ஸ்பைரல் மிஞ்சிவிடாது. ஆனால் யாருக்கு அந்த மரம் மட்டுமே வருகிறது? வேம்பு வருகிறது, தூங்குமூஞ்சி வருகிறது, வேங்கை வருகிறது. மூன்றிலும் ரேகை ஒரு பட்டை இப்படி, அடுத்த பட்டை அப்படி என்று பின்னிக் கிடக்கும். எந்தப் பக்கம் திருப்பித் தள்ளினாலும் ஒரு பட்டையில் நார் பெயர்ந்து குழி விழும். சாய்வு முனை அங்கே கைகொடுக்கும்.

அடுத்தது பிளேடு மழுங்குவது. தேக்கிலேயே சிலிக்கா உண்டு, எஃகு முனையை அது தின்றுவிடும். பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தென்னையின் வெளிப்பகுதி இன்னும் மோசம். கார்பைடு இதைப் பல மடங்கு தாங்கும். ஒரு முனை மழுங்கினால் இன்சர்ட்டைக் கால் சுற்று திருப்பிப் போடலாம், நான்கு முனை இருக்கிறது. பழைய வீட்டு மரத்தில் ஒளிந்திருக்கும் ஆணி பட்டால் ஓரிரு இன்சர்ட் போகும். நேர் பிளேடில் மூன்றிலும் பல் விழும், மூன்றும் சாணைக்குப் போகணும், திரும்ப வந்து செட் பண்ணணும். அந்த செட்டிங் ஒரு நூல் பிசகினாலும் மூன்று பிளேடில் ஒன்றுதான் மரத்தின் கடைசி முகத்தைத் தொடும், மற்ற இரண்டும் சும்மா சுற்றும். ஸ்பைரல் தலைக்குக் கொடுக்கிற பணம் திரும்பி வருவது இந்த நேரத்தில்தான் என்பது என் கணிப்பு.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. இன்சர்ட் உட்காரும் பள்ளத்தில் ஒரு துளி மரத்தூள் இருந்தாலும் அது தூக்கிக்கொண்டு பலகை முழுக்கக் கோடு போடும். ஸ்க்ரூவைக் கைக்கணக்கில் முறுக்கக் கூடாது, டார்க் ரெஞ்ச் வேணும். பழைய 2 எச்.பி. மோட்டார் முழு அகலத்துக்கு இழைக்கும்போது திணறலாம். மோட்டாரைப் பெரிசாக்கினால் இணைப்பின் லோடு கூடும், அதோடு மின்கட்டணத்தின் நிலைக்கட்டணமும் கூடும். டேபிள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாத மெஷினில் எந்தத் தலையைப் போட்டாலும் பலகை நேராகாது.

"நம்ம லேத்திலேயே அடிச்சுக்கலாமே" என்பது கோவைக்காரர்களுக்கு இயல்பாக வருகிற யோசனை. 1937-லேயே உள்ளூரில் மின் மோட்டார் செய்த ஊர், கடைசல் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 100 மி.மீ. விட்டமுள்ள தலை 5000 சுற்றில் ஓடும்போது அதன் ஓரம் விநாடிக்கு 26 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 94 கி.மீ. வேகத்தில் போகிறது. அங்கிருந்து ஒரு இன்சர்ட் கழன்றால் என்ன ஆகும் என்று யோசிச்சுக்குங்க. பள்ளங்களின் துல்லியமும், ஓட்டிப் பார்த்துச் செய்கிற டைனமிக் பேலன்சிங்கும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

விரல் கணக்கு

"ஸ்பைரல் பாதுகாப்பானது" என்ற பேச்சுத்தான் என்னை இதை எழுத வைத்தது. முனை குறைவாக நீட்டியிருப்பது நல்லதுதான். கையால் தள்ளும் மெஷின்களுக்கான ஐரோப்பியத் தரநிலை அந்த நீட்டத்தை 1.1 மி.மீ.க்குள் கட்டுப்படுத்துகிறது. ஆனால் இந்த யோசனை புதுசில்லை. அந்தக் காலச் சதுரக் கட்டர்கள் விரலை உள்ளே இழுத்துக்கொண்டன என்பதால்தான், கையால் தள்ளி இழைக்கும் மெஷினில் உருளைக் கட்டர் கட்டாயம் என்று பிரிட்டனில் 1922-லேயே விதி வந்தது. தமிழ்நாடு தொழிற்சாலை விதிகள், 1950 சொல்வதும் அதுதான். கூடவே இன்னொன்றும் கேட்கிறது: கட்டர் வாயை முழு நீள அகலத்துக்கும் மூடக்கூடிய பிரிட்ஜ் கார்டு.

உருளைக் கட்டர் எல்லா மெஷினிலும் வந்துவிட்டது. கார்டு? நான் பார்த்த பட்டறைகளில் அது பெரும்பாலும் சுவரில் தொங்குகிறது, அல்லது எங்கே போச்சு என்றே தெரியவில்லை. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948 சட்டப்படி, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்று இருந்தது. நான்கு பேர் பட்டறைக்குள் அந்த விதி நுழைவதில்லை.

துண்டான விரலை ஒட்ட வைப்பதில் நாடறிந்த கங்கா மருத்துவமனை இதே கோவையில்தான் இருக்கிறது. அந்தத் தைரியம் ரம்பத்துக்கு ஓரளவு பொருந்தும், ஏனென்றால் ரம்பம் வெட்டினால் துண்டு கையில் கிடைக்க வாய்ப்புண்டு. இழைப்பு மெஷின் வெட்டுவதில்லை, சீவுகிறது. ஒட்டுவதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. மூன்று பிளேடானாலும் 60 இன்சர்ட் ஆனாலும் விரலுக்கு இதில் வித்தியாசமில்லை.

அதனால் பணம் போடும் வரிசை என் பார்வையில் இதுதான். முதலில் கார்டும் தள்ளுகட்டையும். பெரிய செலவில்லை, கார்டை நல்ல பட்டறையில் ஒரே நாளில் செய்துவிடலாம். பிறகு டேபிள் மட்டம். மூன்றாவதாக, வேம்பும் தென்னையும் பழைய மரமும் அடிக்கடி வருகிற பட்டறை என்றால் சாய்வு முனையுள்ள தலை, தாராளமாக வாங்கலாம். நேர் ரேகைத் தேக்கு மட்டும் இழைக்கிறவர் கூடுதலாக ஒரு செட் நல்ல பிளேடு வாங்கி, நல்ல சாணைக்காரரைப் பிடித்துக்கொண்டாலே போதும்.