கே.ஆர். பார்த்தசாரதியின் நிகழ்தகவு - அளவைப் பாடநூல்

'நிகழ்தகவுக்கும் அளவைக்கும் ஓர் அறிமுகம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் கே.ஆர். பார்த்தசாரதி (1936-2023) எழுதிய பாடநூல் 1977-ல் மாக்மில்லன் நிறுவன வெளியீடாக வந்தது. பின்னர் இந்துஸ்தான் புக் ஏஜென்சி மறுபதிப்பு செய்தது. சென்னையில் பிறந்து விவேகானந்தா கல்லூரியில் பயின்ற பார்த்தசாரதி, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் எஸ்.ஆர்.எஸ். வரதனின் சக ஆய்வாளர். முதுகலை மாணவருக்கு அளவைக் கோட்பாட்டை அறிமுகம் செய்யும் நூல்களில் இது தனிப் பாதையில் செல்வது.

தமிழகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இத்தாளுக்கு ஜி. டி பாராவின் நூலே பாடநூல். அது நேர்கோட்டில் தொடங்குகிறது. இடைவெளியின் நீளம், புற அளவை, லெபேக் அளவை, பிறகு பொது வெளிகள் என்ற வரிசை. பயிற்சிகளுக்கு இறுதியில் குறிப்பும் விடையும் உண்டு. வாசுதேவநல்லூர் போன்ற ஊரிலிருந்து தமிழ்வழியில் படித்து வந்து, கேட்டுத் தெளிய ஆளில்லாத மாணவருக்கு இது சிறிய உதவியன்று. ஆனால் அந்த வரிசையில் காரத்தியோடரியின் நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே வந்து நிற்கிறது. ஒரு கணம் வேறெந்தக் கணத்தை வெட்டினாலும் இரு துண்டுகளின் புற அளவைகள் கூடி முழு அளவைக்குச் சமமாக வேண்டும் என்பது அந்த நிபந்தனை. ஏன் அப்படி என்று கேட்காமல் மாணவர் அதை மனப்பாடம் செய்கிறார். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது.

பார்த்தசாரதி நீளத்தில் தொடங்கவில்லை. முதல் இயலே பூலியன் இயற்கணிதங்களின் மீதான நிகழ்தகவு. நாணயம் சுண்டுதல் போன்ற முடிவுள்ள சோதனைகளில் கூட்டலும் வெட்டும் போதும். முடிவில்லாது தொடரும் சோதனைக்கு வரும்போதுதான் அவை போதாமல் போகின்றன. இரண்டாம் இயலான அளவையின் விரிவாக்கம் அந்தத் தேவைக்குப் பதிலாக வருகிறது. சில எளிய கணங்களுக்குத் தெரிந்த அளவையை முரணின்றி மற்றவற்றுக்கும் நீட்டுவது எப்படி என்ற கேள்வி எழுந்த பிறகு படித்தால், காரத்தியோடரி சொன்னது புதிராக இராது. நூலின் பெரிய பலம் இதுவே. 1902-ல் லெபேக் தொடங்கியதும் 1933-ல் கொல்மகோரவ் நிகழ்தகவுக்கு இட்ட அடிப்படையும் ஒரே கதையின் இரு பகுதிகள் என்பது இங்கே சொல்லாமலே விளங்குகிறது.

தொகையீட்டு இயலில் இந்த அணுகுமுறைக்கு அவ்வளவு பயன் இல்லை. ரீமான் முறையிலிருந்து லெபேக் முறை எதில் மாறுகிறது என்பதைக் காட்டப் படம் வேண்டும். வாசுதேவநல்லூரை அடுத்த புளியங்குடியின் எலுமிச்சைச் சந்தையை வைத்தே அதைச் சொல்லிவிடலாம். குவியலில் கைக்கு வரும் வரிசையில் ஒவ்வொரு காயாக விலை போட்டுக் கூட்டுவது ஒரு வழி. ஒரே விலைக்குரிய காய்களைப் பிரித்துவைத்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை என்று எண்ணி விலையால் பெருக்குவது இன்னொரு வழி. இரண்டாவது லெபேக்கின் வழி. எத்தனை என்ற எண்ணிக்கையின் இடத்தில்தான் அளவை வருகிறது. இத்தகைய இடங்களில் பார்த்தசாரதி சிக்கனமாக எழுதுகிறார். அந்தச் சிக்கனம் தேர்ந்தவருக்கு அழகு, புதியவருக்குச் சுமை.

ஆறாம் இயலில் நூல் மீண்டும் உயர்கிறது. நிபந்தனை எதிர்பார்ப்பு ஹில்பர்ட் வெளியோடு சேர்த்துப் பேசப்படுகிறது. கிடைத்த தகவலைக் கொண்டு செய்யக்கூடிய சிறந்த ஊகம் என்பது வடிவியலில் ஒரு செங்குத்து வீழலே என்று மாணவர் அங்கே காண்கிறார். குலங்களின் மீதான மாறா அளவைகள் பற்றிய கடைசி இயல் முதல் வாசிப்பில் விட்டுவிடக்கூடியது.

அளவை ஒரு பருவத்திலும் நிகழ்தகவு இன்னொரு பருவத்திலும் ஒன்றையொன்று அறியாத தாள்களாக நடத்தப்படும் துறைகளில் இந்நூலை முழுப் பாடநூலாக வைப்பது கடினம். டி பாராவின் தொடக்கப் பகுதியைப் படிக்கும் மாணவர் அதோடு பார்த்தசாரதியின் முதல் இரு இயல்களையும் சேர்த்துப் படிக்கலாம். இரண்டையும் ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும்.